நல்ல டேபிள் எதுங்க டாக்டர்?

1/ கோவா போற நம்மூர் வாட்ஸப் குரூப்புகள்ல ஒரு பட்டியல் சுத்துது. எந்தக் கப்பல்ல பிளாக்ஜாக் டேபிள் நல்லாருக்கு, எங்க மினிமம் குறைவு, எங்க சாப்பாடு பரவால்லன்னு ஒப்பிட்டு எழுதியிருக்காங்க. ஒரு டாக்டரா, அந்தப் பட்டியல்ல விட்டுப்போன வரிகளை நான் எழுதறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ முதல்ல நியாயமா பேசிடுவோம். டேபிளுக்கு டேபிள் வித்தியாசம் இருக்கறது நிஜம். முதல் ரெண்டு சீட்டுல ஏஸும் பத்தும் வந்தா பிளாக்ஜாக். 3-க்கு 2 தர்ற டேபிள்ல ₹1,000 கட்டினவருக்கு ₹1,500 கிடைக்கும். 6-க்கு 5 டேபிள்ல ₹1,200 தான். 100 ஆட்டத்துல நாலஞ்சு தடவை இது வரும். வர்ற ஒவ்வொரு தடவையும் ₹300 நட்டம்.

3/ ஹவுஸ் எட்ஜ்னு சொல்வாங்க. நம்ம பாஷையில சொன்னா மண்டிக் கமிஷன். நல்ல விதிகள் உள்ள டேபிள்ல, ஒரு தப்பும் பண்ணாம ஆடினா, கமிஷன் சுமார் அரை சதவீதம். 6-க்கு 5 டேபிளா இருந்தா அது கிட்டத்தட்ட 2 சதவீதம். டீலர் ‘இன்சூரன்ஸ் வேணுமா?’ன்னு கேப்பாரே, அந்தப் பந்தயத்துல மட்டும் சுமார் 7 சதவீதம். மனசுக்குத் தோணின மாதிரி ஆடறவங்களுக்கு எந்த டேபிள்லயும் இன்னும் கூடும்.

4/ நூல் விலை கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏறினா திருப்பூர் தூங்காது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில குவிண்டாலுக்கு அம்பது ரூபாய்க்கு அரை நாள் பேசுவோம். அப்படிப்பட்ட நம்மாளு கப்பல் ஏறினதும் கணக்கை ஏர்போர்ட்லயே விட்டுட்டுப் போயிடறாரு. ஏனுங்க, அது மட்டும் உழைச்ச காசு இல்லையா?

5/ இப்ப பட்டியல்ல இல்லாத முதல் வரி: வேகம். ஆள் நிறைஞ்ச டேபிள்ல மணிக்குச் சுமார் 60 ஆட்டம் ஓடும். தலைக்கு ₹1,000 வெச்சா ₹60,000 புழங்குது. மோசமான 6-க்கு 5 டேபிள்லகூட சராசரி நட்டம் மணிக்கு ₹1,150 பக்கம். அதே ஆள் ‘நல்ல’ டேபிள்ல தனியா உட்கார்ந்தா மணிக்கு 200 ஆட்டம் வரை ஓடும். புழக்கம் 2 லட்சம். அரை சதவீதம்னா ₹1,000. தேடிப் பிடிச்ச நல்ல டேபிள் எங்க கொண்டு போய் விட்டுச்சு பாத்தீங்களா?

6/ ரெண்டாவது வரி: நேரம். நுழைவுக் கட்டணத்துலயே சாப்பாடும் சரக்கும் சேர்ந்தா ‘காசுக்கு மேல கிடைக்குது’ன்னு சந்தோஷப்படறோம். நாலு மணி நேரத்துல எந்திரிக்க வேண்டியவரை எட்டு மணி நேரம் உட்கார வெக்கறதுக்கான செலவு அது. ரெண்டு பெக்குக்கு அப்புறம் தப்பில்லாம ஆடறது யாரு? அரை சதவீதக் கணக்கு அங்கயே செத்துப்போச்சு.

7/ மூணாவது வரி: வரி. சூதாட்டத்துல ஜெயிச்ச பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம். தோத்த பணத்தை அதுல கழிக்க முடியாது. தை மாசம் ஒரு லட்சம் ஜெயிச்சு மாசி மாசம் ஒரு லட்சம் தோத்தா உங்க கணக்குல பூஜ்யம். வரிக் கணக்குல ஒரு லட்சம் வருமானம். உங்க ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்க. இந்தச் சட்டத்துக்கு முன்னால 3-க்கு 2 எல்லாம் எந்த மூலைக்கு?

8/ ‘கார்டு கவுண்டிங் தெரியும் டாக்டர்’னு ஒருத்தர் வருவாரு. எட்வர்ட் தோர்ப்ங்கற கணித மேதை 1962-லயே அதைப் புத்தகமா போட்டுட்டாரு. கேசினோக்காரங்களும் படிச்சாங்க. சீட்டுக் கட்டுகளைக் கூட்டினாங்க, பாதியிலயே கலைச்சாங்க, விடாம கலைச்சுக்கிட்டே இருக்கற மெஷினை வெச்சாங்க. அந்த மெஷின் இருக்கற டேபிள்ல எண்ணறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்படியும் ஒருத்தர் தொடர்ந்து ஜெயிச்சா வெளிய அனுப்பிடுவாங்க.

9/ ‘அரசாங்கமே அனுமதிச்சிருக்கே?’ சரி. யாருக்கு அனுமதிச்சிருக்குன்னு பாருங்க. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரங்க கோவா கேசினோவுல ஆடறதுக்குத் தடை. நேபாள கேசினோவுல நேபாளிக்கு இடமில்ல. மொனாக்கோவுல அந்நாட்டுக் குடிமக்கள் ஆடக்கூடாது. தென்கொரியாவுல கொரியர்களுக்குன்னு திறந்திருக்கறது ஒரே ஒரு கேசினோ. சிங்கப்பூர் தன் குடிமக்கள்கிட்ட ஒரு நாள் நுழைவுக்கே 150 வெள்ளி வசூலிக்குது.

10/ ஒரு ஓட்டல் முதலாளி தன் வீட்டுப் புள்ளைங்களை அந்த ஓட்டல்ல சாப்பிட விடமாட்டேங்கறாரு. உங்களை மட்டும் ‘வாங்க வாங்க’ங்கறாரு. நீங்க உள்ள போய் எந்த மேசையில காத்து நல்லா வருதுன்னு பாத்துட்டு இருக்கீங்க. சாமி, சமையக்கட்டை ஒரு தடவை எட்டிப் பாருங்க.

11/ நம்ம ஊர்ல கேசினோ இல்ல. தமிழ்நாடு 2003-லயே லாட்டரியைத் தடை பண்ணுச்சு. 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டம் ஆன்லைன்ல பணம் வெச்சு ஆடறதையும் நிறுத்துச்சு. ஆனா கோயம்புத்தூர்ல இருந்து வாளையாறைத் தாண்டினா லாட்டரிக் கடை, ஃப்ளைட் ஏறினா கப்பல். சட்டம் கதவைச் சாத்தும். ஆசையை நாமதான் சாத்தணும்.

12/ இனி என் துறை. மூளைக்கு ஜெயிக்கறது மட்டும் போதை இல்ல. ‘ஒரு சீட்டுல போச்சே’ங்கற நூலிழைத் தோல்வியும் ‘இன்னொரு ஆட்டம்’னு தூண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய் வகைப்பாட்டு நூல், 2013 பதிப்புல சூதாட்ட நோயைக் குடி, போதைப்பொருளோட ஒரே அத்தியாயத்துல சேர்த்துச்சு. மன உறுதி இல்லாதவன்னு திட்டறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

13/ யாரும் ‘கேசினோ பிரச்சனை’ன்னு எங்ககிட்ட வர்றதில்ல. தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குது, பிரஷர் குறையலன்னு வர்றாங்க. மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்தும் ஆகாதப்பதான், கூட வந்த வீட்டம்மா வெறும் கழுத்தோட உட்கார்ந்திருக்கறது கண்ல படும். தாலிக்கொடி அடகுக் கடையில இருக்கும்.

14/ ரெண்டே கேள்வி. மேல மேல அதிகப் பணம் வெச்சு ஆடணும்னு எப்பவாவது தோணியிருக்கா? எவ்வளவு ஆடினீங்கன்னு வேண்டியவங்ககிட்ட பொய் சொல்ல வேண்டி வந்திருக்கா? ஒண்ணுக்கு ‘ஆமா’ன்னாலும் டாக்டரைப் பாருங்க. இது வைத்தியம் உள்ள நோய்.

15/ பெரியவங்க இருக்கற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. பார்க்கின்சனுக்கும் கால் குடைச்சலுக்கும் தர்ற பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பும். சீட்டையே தொடாத மனுசன் திடீர்னு லாட்டரி வாங்கிக் குவிச்சா திட்டாதீங்க. மாத்திரைச் சீட்டோட டாக்டர்கிட்ட வாங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

16/ ‘என் காசு, என் இஷ்டம்.’ ஒத்துக்கறேன். ஆனா டீலர் மீட்டுன்னு இருபது பேரைக் கூட்டிட்டுப் போறீங்களே, அதுல போன வருசம் வேலைக்குச் சேர்ந்த பையனும் இருக்கான். முதலாளி முன்னால ‘நான் ஆடலைங்க’ன்னு சொல்ல அவனுக்கு வாய் வருமா? அவன் சம்பளத்துக்கு உங்க மினிமமே ஒரு வார அரிசி.

17/ அதனால என் கோரிக்கை ரெண்டு. கம்பெனி டூர்ல கேசினோவை எடுத்துடுங்க. கோவாவுல கடல் இருக்கு, கோட்டை இருக்கு, அது போதும். அந்தப் பட்டியலை ஃபார்வர்டு பண்றதை நிறுத்துங்க. நீங்க ‘நல்ல டேபிள்’னு எழுதற ஒவ்வொரு வரியும் புதுசா ஒருத்தருக்குத் தைரியம் குடுக்குது.

18/ ஏற்கெனவே சிக்கினவங்க வெக்கப்படாதீங்க. டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், கட்டணம் இல்ல. வீட்ல இருக்கறவங்களும் கூப்பிடலாம். கடனை அடைக்கக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி இந்த நம்பரைக் குடுங்க.