புதிய தவணையும் இரண்டு படிவங்களும்



லேபர் டே கழிந்து பாடசாலைகள் திறந்துவிட்டன. நம் சபையிலிருந்து இந்த ஆண்டும் சில பிள்ளைகள் புதுச் சீருடை போட்டுக்கொண்டு ஒன்ராறியோவின் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் தரம் 9 தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி சென்ற வாலிபர் கூட்டத்தில் சொன்ன கதையோடு தொடங்குகிறோம்.

முதல் நாள் காலை ஒலிபெருக்கியில் ஜெபம். எல்லோரும் எழுந்து நின்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னார்கள். தீமையிலிருந்து இரட்சிக்கும்படி கேட்கும் இடத்தோடு வகுப்பு முழுவதும் ஆமென் சொல்லி நிறுத்திவிட்டது. நம் தம்பி மட்டும் ராஜ்யம், வல்லமை, மகிமை என்று தனியாகத் தொடர்ந்துகொண்டிருந்தான். முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. அவன் சொன்ன விதத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான்: "அண்ணா, அவையள் நிப்பாட்டினது பிழையோ, நான் தொடர்ந்தது பிழையோ?"

ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. எங்களில் பலர் இதே பாடசாலைகளில் நான்கு வருடம் படித்து வெளியேறியவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இக்கட்டுரை அந்த வெட்கத்தில் எழுதப்படுகிறது.

கத்தோலிக்கப் பாடசாலையை நம் பெற்றோர் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒழுங்கு நல்லது, சீருடை உண்டு, மாமியின் மகள் அங்கே படித்து நல்லாய் வந்தாள், எப்படியும் கிறிஸ்தவப் பாடசாலைதானே. இவை பிழையான காரணங்கள் அல்ல. ஆனால் அந்தப் பாடசாலை யாருக்காக, ஏன் உண்டானது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் கொஞ்சம் சங்கடமான பதில்தான் கிடைக்கும். அது நம்மைப் போன்றவர்களிடமிருந்து ஒதுங்கி நிற்க உண்டானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாகாணத்தில் புரட்டஸ்தாந்தரே பெரும்பான்மை. பொதுப் பாடசாலை என்ற பெயரில் நடந்தவற்றில் வேத வாசிப்பும் ஜெபமும் புரட்டஸ்தாந்து முறையிலேயே இருந்தன. கத்தோலிக்கச் சிறுபான்மையினர் தங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை கேட்டுப் போராடினார்கள். 1863-இல் வந்த சட்டம் அதற்கு உறுதியான இடம் கொடுத்தது. 1867-இல் கனடா உருவானபோது அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு அந்த உரிமையைக் காத்தது. உயர்நிலையின் மேல் வகுப்புகளுக்கும் முழு அரச நிதி கொடுக்கப்படும் என்று மாகாண முதல்வர் பில் டேவிஸ் 1984-இல் அறிவித்தார். 1987-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்த்தது. ஒரு சமயத்துக்கு மட்டும் அரச நிதி தருவது பாகுபாடு என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 1999-இல் சொன்னது. அந்த நிதி தொடர வேண்டுமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. நம் சபைக்குள்ளும் இரு கருத்து உண்டு. அதை இன்னொரு நாளைக்கு வைப்போம். இப்போது நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அந்த வீட்டில் நாம் எப்படிப்பட்ட விருந்தாளிகள் என்பதே இன்றைய கேள்வி.

அந்தக் கேள்வி இரண்டு படிவங்களில் வந்து நிற்கிறது.

முதலாவது அனுமதிப் படிவம். உயர்நிலைப் பாடசாலையில் பிரச்சினை இல்லை. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் சேரலாம். கீழ் வகுப்புகளில்தான் பெரும்பாலும் பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். இந்த இடத்தில் நம் சமூகத்தில் நடப்பது ஒன்று உண்டு. வெளியில் ஒருவரும் பேசாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில் இடம் கிடைப்பதற்காகப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த ஞாயிறு வழக்கம்போல நம் ஆராதனைக்கு வருகிறார்கள். "எல்லாம் ஒரே கிறிஸ்துதானே" என்பது சமாதானம்.

ஒரே கிறிஸ்துதான். அதனால்தான் அது பாரதூரமானது. கத்தோலிக்கச் சபையின் ஞானஸ்நானத்தை நம் சபை மதிக்கிறது. நம்முடையதை அவர்கள் மதிக்கிறார்கள். பிள்ளையை அந்த விசுவாசத்தில் வளர்ப்போம் என்று பெற்றோர் பீடத்தின் முன் வாக்குக் கொடுக்கிறார்கள். காப்பாற்றும் எண்ணமே இல்லாத வாக்கை, அதுவும் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தேவனுக்கு முன்பாகக் கொடுப்பதை என்னவென்று சொல்வது? மனப்பூர்வமாகக் கத்தோலிக்க விசுவாசத்துக்குப் போகிறவர்களைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர்கள் போகட்டும், ஜெபத்தோடு அனுப்புவோம். பஸ் தூரத்துக்காகப் போகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களான நமக்கு இது புதுக் கதையும் அல்ல. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் நம்மைப் போலப் புரட்டஸ்தாந்தர். அரச உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கினார்கள். பதிவேடுகளில் ஆயிரக்கணக்கில் பெயர் ஏறியது. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துபோயிற்று. பதவிக்காக வந்த விசுவாசம் பதவியோடு போனது. அதே ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருமார் வெளியேற்றப்பட்டு, மக்கள் ஒளித்து ஜெபித்த அந்தக் காலத்தில், 1687-இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் மறைவாக அவர்களைத் தேடி ஊழியம் செய்தார். 2015-இல் போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் மூதாதையரின் சபைக்குப் பயந்து ஒளித்திருந்தவர்களின் விசுவாசச் சந்ததி இன்று நம் பிள்ளைகளுக்குத் தங்கள் பாடசாலைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவால் பொய் சொல்லி நுழைவது நமக்கு அழகா?

இரண்டாவது, விலக்குப் படிவம். கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் வழக்கமாக ஒவ்வொரு வருடமும் ஒரு சமயப் பாடம் உண்டு. பொதுக் கல்விச் சபையில் படிக்கத் தகுதியுள்ள பிள்ளை அங்கே சேர்ந்திருந்தால், பெற்றோர் எழுத்தில் கேட்கும்போது அந்தப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கவேண்டும் என்று ஒன்ராறியோ கல்விச் சட்டம் சொல்கிறது. 18 வயதானால் மாணவரே கேட்கலாம். பூசை, தியான நாள் போன்றவற்றுக்கும் அந்த விலக்குப் பொருந்தும் என்று 2014-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இது கெஞ்சிக் கேட்கும் சலுகை அல்ல, உரிமை. இதைத் தெரியாமல் மனச்சாட்சி உறுத்த உறுத்த நான்கு வருடம் இருந்தவர்களும் உண்டு. அப்படி உறுத்தல் உள்ள வீட்டார் தயங்காமல் கடிதம் கொடுங்கள். உங்களை ஒருவரும் குறைவாகப் பேசக்கூடாது.

ஆனால் எங்கள் அனுபவத்தில் அந்தக் கடிதம் மனச்சாட்சிக்காக எழுதப்படுவது அரிது. ஒரு பாடவேளை சும்மா கிடைக்கும் என்பதற்காகவும், பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய இன்னொரு பாடத்துக்கு இடம் கிடைக்கும் என்பதற்காகவும் எழுதப்படுகிறது. அதே வீட்டில்தான் "நல்ல கிறிஸ்தவச் சூழல்" என்று சொல்லிப் பாடசாலையைத் தெரிவு செய்திருப்பார்கள். சூழல் வேண்டும், பாடம் வேண்டாம் என்றால் நாம் தேடிப் போனது சீருடையைத்தான்.

மனச்சாட்சித் தடை இல்லாத பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எங்கள் குழுவிலேயே இருவர் இதற்கு உடன்படவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை தானியேல் அல்ல, நான்கு வருடம் ஒன்றையே கேட்டால் அதுவே உண்மை என்று ஆகிவிடும் என்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனாலும் தானியேலின் முதலாம் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அவனும் வாலிபன்தான். அந்நியரின் கல்லூரியில் அவர்கள் மொழியையும் எழுத்தையும் படித்தான், நன்றாகவே படித்தான். எல்லை போட்டது ராஜாவின் போஜனத்தில். அந்த எல்லையையும் சண்டை பிடித்துப் போடவில்லை. பொறுப்பாயிருந்தவரிடம் தயவாகக் கேட்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றான். எதைப் படிக்கலாம், எதை உண்ணக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் வீட்டில் அது சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது.

நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? தவணை தொடக்கப் பூசை வரும். எல்லோரும் வரிசையில் போகும்போது தான் என்ன செய்வது என்று தெரியாமல், கூச்சத்தில் கையை நீட்டி அப்பத்தை வாங்கிய பிள்ளைகள் உண்டு. நாங்களே அப்படிச் செய்திருக்கிறோம். கத்தோலிக்க ஒழுங்கின்படி நாம் அதை வாங்குவதில்லை. இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம், அல்லது கைகளை மார்பில் குறுக்காக வைத்துப் போனால் குரு ஆசீர்வதிப்பார். இரண்டும் மரியாதைதான். மரியாளிடம் பரிந்துபேசக் கேட்கும் ஜெபத்தில் நாம் சேர்வதில்லை. ஆனால் எழுந்து நிற்கலாம், சிரிக்கக்கூடாது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் இடுவதை மார்ட்டின் லூத்தரே தம் சிறு ஞானோபதேசத்தில் காலை ஜெபத்துக்குச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தால், அதைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றாது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் பற்றி லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கச் சபையும் 1999 ஒக்டோபர் 31-இல் ஔக்ஸ்பேர்க் நகரில் பொதுப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டன. மெதடிஸ்தர் 2006-இல் அதனோடு சேர்ந்தார்கள். எதில் ஒன்றுபட்டோம், எதில் இன்னும் வேறுபடுகிறோம் என்பது நம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் ஆசிரியருக்கு அந்த வகுப்பில் அவனைவிட நல்ல மாணவன் கிடைக்கமாட்டான்.

ஆகவே பாடசாலையிடம் ஒன்றைக் கேட்கமுன் நம் சபையிடம் கேட்கிறோம். ஞாயிறு பாடசாலையில் வருடா வருடம் யோனாவுக்குப் படம் கீறிய பிள்ளையை, ஏன் நாம் புரட்டஸ்தாந்தர் என்று ஒரு தடவையும் சொல்லாமல் தரம் 9-க்கு அனுப்புகிறோம். பிறகு அவன் குழம்பினால் பாடசாலையைக் குறை சொல்கிறோம். ஒவ்வொரு ஓகஸ்ட் கடைசியிலும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென்று ஒதுக்கும்படி போதகரையும் மூப்பரையும் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே அங்கே படித்த அண்ணாமாரும் அக்காமாரும் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். பெற்றோரே, முதல் வாரத்தில் வரும் சமயப் பாடத் திட்டத்தைக் கையெழுத்துக்கு மட்டும் பார்க்காமல் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். பெற்றோர் சந்திப்பில் கணித ஆசிரியரிடம் மட்டும் வரிசையில் நிற்காமல் சமய ஆசிரியரையும் ஒரு தடவை பாருங்கள். "நாங்கள் வேறு சபை, எங்கள் பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்" என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். வாலிபரே, நன்றிகூறும் நாளை ஒட்டி உணவு சேர்க்கும்போது ஒரு டின்னோடு நிறுத்தாமல் பெட்டி தூக்கவும் நில்லுங்கள். அந்த 40 மணிநேரச் சமூக சேவைக்குக் கணக்கு வருமா என்று முதலில் கேட்காதிருந்தால் இன்னும் நல்லது.

அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லவேண்டும் அல்லவா? போதகரிடம் கேட்டு அடுத்த கிழமை சொன்னோம். ஒருவருக்கும் பிழை இல்லை. அந்த முடிவு வரி மத்தேயுவின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை; லூக்காவிலும் இல்லை. ஆனால் ஆதிச் சபையிலேயே ஜெபத்தோடு அது சேர்ந்துவிட்டது. கத்தோலிக்கப் பூசையிலும் அது உண்டு. குரு இடையில் ஒரு சிறு ஜெபம் சொன்ன பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

தொடக்கப் பூசை முடிந்து வந்து அவன் சொன்னான்: "உண்மைதான் அண்ணா. கொஞ்சம் பொறுத்திருந்தன். பிறகு எல்லாரும் சேர்ந்து சொன்னவை. நானும் சொன்னனான்."