உப்பிய பேட்டரி கல்லாவில் இருக்கலாமா?

நமது கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய செல்போன் ஆறு வருடமாகக் கிடந்தது. வீட்டுப் பிள்ளைகள் புதுபோன் வாங்கியபோது ஒதுக்கிப் போட்டது. வீணாவானேன் என்று கடைக்குக் கொண்டுவந்து, யூ.பி.ஐ. வரவு பார்க்கவும் லாரி ஆபீசுக்குப் பேசவும் வைத்துக்கொண்டோம். இரவு பகல் பாராமல் சார்ஜர் வயர் அதில் சொருகியே இருக்கும். போன கோடையில் ஒருநாள் பார்த்தால், பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது.

நாம் செய்ததை மறைப்பானேன்? இரண்டு ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கி, "இன்னும் ஆறு மாசம் ஓடட்டும்" என்று வைத்துவிட்டோம். மூன்றாம் நாள் கடைப்பையன் கோணி ஊசியோடு வந்தான். "அண்ணாச்சி, ஒரு குத்து குத்திக் காத்த எறக்கிட்டா சரியாயிரும்" என்றான். நாமும் சரி என்றுதான் சொல்லியிருப்போம். நல்லவேளையாக, டியூப்லைட் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சத்தம் போட்டார். அந்த மேஜைக்குக் கீழே தீப்பெட்டி பண்டலும் கற்பூரமும் இருந்தன. அடுத்தாற்போல் எண்ணெய் டின்கள். சுவரோடு சுவர் ஒட்டிய கடைகள் எட்டு. அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

உள்ளே இருப்பது வெறும் காற்று அல்ல என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லித்தியம் அயான் பேட்டரி என்பது மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, நடுவே மெல்லிய தாள்போல் ஒரு தடுப்பு வைத்து, எளிதில் தீப்பற்றும் ஒரு திரவத்தில் ஊறவைத்து மூடிய பை. வயதானாலும், சூடு அதிகமானாலும், எந்நேரமும் முழு சார்ஜிலேயே நின்றாலும் அந்தத் திரவம் கெட்டு வாயுவாகிறது. பைக்கு வாய் இல்லாததால் உப்புகிறது. ஊசியால் குத்தினாலோ, மேலே கனமான பொருளை வைத்து அழுத்தினாலோ நடுத்தடுப்பு கிழிந்து, இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்ளும். பிறகு சூடு தானாகவே ஏறும். தீயும் விஷப்புகையும் வரும். நாம் போட்ட ரப்பர் பேண்டு எந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது.

இது பழைய போனுக்கு மட்டும் வரும் சீக்கு அல்ல. 2007ல் நோக்கியா கம்பெனி, 4 கோடி 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகச் சூடாகலாம் என்று அறிவித்து, மாற்றித் தருவதாகச் சொன்னது. 2016ல் சாம்சங் தனது நோட் 7 போன்கள் தீப்பிடித்ததால் சுமார் 25 லட்சத்தைத் திரும்பக் கேட்டு, பிறகு அந்த மாடலையே நிறுத்தியது. புதுச்சரக்குக்கே இந்தக் கதி என்றால், தகரக்கூரைக்கு அடியில் ஆறு வருடம் வெந்த சரக்கை என்னவென்று சொல்வது? பவர் பேங்க், கையில் வைத்து பில் போடும் மெஷின், பணம் வந்ததும் குரல் கொடுக்கும் பெட்டி இவற்றுக்கெல்லாம் இதே கதைதான். (எலெக்ட்ரானிக் தராசுக்குள் பெரும்பாலும் இருப்பது ஈய பேட்டரி; அது வேறு ஜாதி.)

சிக்கனம் நமது தொழிலின் உயிர். கிழிந்த சாக்கையும் தைத்து விற்கிறவர்கள் நாம். ஆனால் உப்பிய பேட்டரியில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது நமது கருத்து. கண்டவுடன் சார்ஜரைக் கழற்றி, போனை அணைத்துவிட வேண்டும். மறுபடி சார்ஜ் ஏற்றவே கூடாது. நாமே திறந்து பிடுங்கவும் கூடாது. காய்ந்த மணல் போட்ட மண்சட்டியிலோ தகர டின்னிலோ வைத்து, டின்னை இறுக மூடாமல், சரக்கை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். புகை கண்டால் மெயினை அணைத்து ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. நல்ல பேட்டரி உள்ளவர்களும் நூறு வரை ஏற்றாமல் எண்பதில் கழற்றினால் அதன் ஆயுள் கூடும். கடை பூட்டும்போது சார்ஜரையும் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

பிறகு அதை எங்கே கொடுப்பது? இங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. நாம் கொண்டுபோன சர்வீஸ் சென்டரில், "இங்கே வாங்கினதா? பில் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மத்திய அரசு 2022ல் கொண்டுவந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரித்தவர்கள் தலையில்தான் வைத்திருக்கின்றன. குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் கடமை நமக்கும் உண்டு. தனியே வைத்திருக்கிறோம், வாங்கத்தான் ஆள் இல்லை. பழைய இரும்புக்கடையில் போட்டால் அங்கே சுத்தியால் அடிப்பார்கள். குப்பை வண்டியில் போட்டால் வண்டிக்குள் நசுங்கும். அந்தத் தொழிலாளியும் மனிதன்தானே.

ஆகவே சங்கமே இதை எடுத்துச் செய்ய வேண்டும். சங்கக் கட்டடத்தின் பின்புறம் திறந்த இடத்தில் மணல் போட்ட ஒரு டிரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரை வரவழைத்து ஒப்படைக்கலாம். டிரம்மும் மணலும் நமது செலவு. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். நமது போன் இன்றும் கொல்லைப்புறத்தில் மண்சட்டிக்குள் மணலில்தான் கிடக்கிறது.