அடுத்த வீட்டில் நன்றாகத் தெரிகிறதே!

மதுரையில் கேபிள் டெலிவிஷன் வைத்திருக்கும் எவரும் இந்த வாக்கியத்தை ஒரு முறையேனும் கேட்டிருப்பார்கள். படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பேச்சு பாதி வார்த்தையில் அறுந்துபோகிறது. புகார் சொல்கிறோம். நாலு நாள் கழித்து ஒரு பையன் வருகிறான். பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறான். பிறகு தீர்ப்பு வருகிறது: "அடுத்த வீட்டுல நல்லாத் தெரியுதே! உங்க டிவியிலதான் கோளாறு. புதுசா மாத்திருங்க."

இது வாதமே அல்ல. பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் தந்திரம் என்கிறேன் நான். இதை நம்பிக் கடனாளியாகிறவர்கள் இருப்பதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் செல்லூர்த் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். கணவர் போன பிறகு வருகிற குடும்பப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். முழங்கால் வலியால் வாசற்படி தாண்டுவதே பிரயாசை. டெலிவிஷன்தான் அவருக்குக் கோயில், திருவிழா, பேச்சுத்துணை எல்லாம். சென்ற ஐப்பசி மழையில் அவர் வீட்டுப் படம் உடைந்தது. "அப்பத்தா, வேற டிவி வாங்குங்க" என்று பையன் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் காதுத் தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அடகுக் கடைக்கு ஆட்டோ பிடித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்று அவர் வீட்டுக்குப் போனேன். ரிமோட்டில் 'மெனு' பொத்தானை அழுத்தினேன். பட்டியல் எழுத்துக்கள் கல்வெட்டுப் போல் தெளிவாக வந்தன. அந்த எழுத்துக்களைச் செட்டாப் பாக்ஸ் தானாகவே தயாரிக்கிறது. தெருக் கம்பிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. டெலிவிஷனில் கோளாறு என்றால் அவையும் அல்லவா உடைய வேண்டும்? ஆகவே டெலிவிஷன் நிரபராதி. அடுத்து, பாக்ஸைக் கழற்றிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் அதே கேபிள்காரரின் இணைப்பில் செருகிப் பார்த்தேன். படம் பளிச்சென்று வந்தது. ஆகவே பாக்ஸும் நிரபராதி. மிஞ்சியது கம்பி ஒன்றுதான்.

வெளிச்சுவரில் கறுப்பு டேப் சுற்றிய ஓர் இணைப்பு இருந்தது. அந்தப் பையனையே வரவழைத்துக் காட்டினேன். டேப்பைப் பிரித்தால் உள்ளே தண்ணீர். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, புதிய கனெக்டர் மாட்டினான். ஐந்து நிமிஷ வேலை. செலவு ஒரு காப்பிக் காசு. அவன் வேலை தெரியாதவன் அல்ல. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று விரட்டப்படுகிறவன். ஏணி வைத்து ஏறிப் பார்க்க அவனுக்கு அவகாசம் தராத முதலாளியிடம்தான் என் சண்டை.

சரி, அடுத்த வீட்டில் மட்டும் எப்படி நன்றாகத் தெரிந்தது? வித்தையே இங்குதான் இருக்கிறது. பழைய அனலாக் கேபிளில் கோளாறு தன் முகத்தை மறைக்காது. சிக்னல் மெலிந்தால் புள்ளி புள்ளியாக மழை பெய்யும்; இணைப்பில் மோதித் திரும்பினால் உருவத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும்; மின்சாரம் கலந்தால் பட்டை பட்டையாகக் கோடு நகரும். 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் இலவசமாகச் செட்டாப் பாக்ஸ் தர ஆரம்பித்தது. ஊரெங்கும் டிஜிட்டல் முறை பரவிய பின் அந்த நேர்மை போய்விட்டது. இப்போது படம் எண்களாக வருகிறது. வழியில் சில எண்கள் கெட்டாலும் பாக்ஸ் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்கிறது. திருத்த முடிகிற அளவு வரையில் படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும்; அதை மயிரிழை தாண்டினால் ஒரேயடியாகக் குலைந்துவிடும். கிணற்று விளிம்பில் நிற்பவனும் விழுந்தவனும் ஓரடி தூரத்தில்தான் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் விளிம்பில் நிற்கிறார், அவ்வளவுதான். அடுத்த மழையில் அவரும் விழுவார். அப்போது அவருக்கும் இதே தீர்ப்பு!

நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே இணைப்பைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மாடிக்கும் பிரித்துக் கொள்கிறோம். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் குறைவாகவே சிக்னல் போகும். நாலாகப் பிரித்தால் காலுக்கும் குறைவு. பிறகு டவுன்ஹால் ரோட்டில் ஒரு பூஸ்டர் வாங்கி டெலிவிஷன் பக்கத்தில் வைக்கிறோம். பூஸ்டர் வந்ததைப் பெருக்கும். சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கலங்கிய தண்ணீரைப் பெரிய குடத்தில் ஊற்றினால் தெளிந்துவிடுமா?

கொடைக்கானல் மலைக் கோபுரத்தை நோக்கி மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிய காலத்தை நினைத்துப் பாருங்கள். மேலே அண்ணன், மாடிப்படியில் தம்பி, கீழே அம்மா. "வருதா?" "இல்லே!" "இப்ப?" அன்று கோளாறு எங்கே என்று வீடே சேர்ந்து தேடியது. இன்று படித்தவர்கள் கூட, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான்" என்று உட்கார்ந்து விடுகிறோம். நாம் என்ன இனாமாகவா பார்க்கிறோம்? 2011-ல் அரசு கேபிளுக்கு மாதம் 70 ரூபாய் கொடுத்தோம். 2019-ல் புதிய விதி வந்தபோது நூறு சானலுக்கு 130 ரூபாய், வரி தனி என்றார்கள், அதையும் கொடுத்தோம். புகாருக்கு எண் தரவேண்டும், குறித்த காலத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி வகுத்துவிட்டது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இனி அந்த வாக்கியத்தைக் கேட்டால் நீங்கள் செய்ய வேண்டியது சொற்பம். மெனுவைக் காட்டுங்கள். பாக்ஸை அடுத்த வீட்டில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் சரியென்றால், "கம்பியைப் பார், அப்பா" என்று சொல்லுங்கள். புகார் எண்ணையும் கேளுங்கள். அதற்குப் பிறகும் புதிய டெலிவிஷன் வாங்குவது உங்கள் இஷ்டம்.

அன்று படம் தெளிந்ததும் அந்த அம்மாள் தோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏப்பா, முன்னாடி கவர்மென்ட்டுல ஓசியாக் குடுத்த டிவியையும் இப்படித்தான் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. பழைய இரும்புக்குப் போட்டுட்டுக் கடன் வாங்கித்தான் இதை வாங்குனேன். அப்ப அதுவும் நல்லாத்தான் இருந்திருக்குமோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.