கேனரி வாங்கிக்கொண்ட கண்டம்

வீட்டில் வளர்க்கும் பறவையோ மீனோ திடீரென்று இறந்துபோனால், அந்தக் குடும்பத்துக்கு வரவிருந்த கண்டத்தை அந்த வாயில்லா ஜீவன் தன் தலைமேல் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லித் தேற்றிக்கொள்வது செட்டிநாட்டில் மட்டுமன்று, தமிழகம் முழுவதிலுமே வேரூன்றிய வழக்கம். பறவை இறக்காமல், பாட்டை நிறுத்திவிட்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தால் அதற்குப் பெயர் திருஷ்டி. இந்த அபிப்பிராயம் அன்பிலிருந்து பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இது பறவைகளைக் கொல்லுகிற அபிப்பிராயம் என்று சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

காரைக்குடியில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் கொண்ட பழைய வீடு. வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகும் நிலையின் பக்கத்தில், அடுப்படிக்கு எதிரே, ஓர் ஆணியில் கூண்டு தொங்கும். பேரன் ஆசைப்பட்டுக் கேட்டதால் வாங்கிய மஞ்சள் கேனரி அதில் இருந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் வளவு முழுவதும் நிறையும்படி பாடிய அந்தப் பறவை, ஆடி பிறந்ததும் வாயை மூடிக்கொண்டது. தரையில் மஞ்சள் இறகுகள் உதிர்ந்து கிடந்தன. "யாரோ கண்ணு வச்சுட்டாக" என்றார் அந்த வீட்டு ஆச்சி. உப்பும் மிளகாயும் கடுகும் சுற்றி நெருப்பில் போட்டார்; போதாதென்று காலையும் மாலையும் கூண்டின் அடியிலேயே சாம்பிராணித் தூபக்காலை வைத்தார்.

நான் போனது அந்தப் பரிகாரம் தொடங்கிய மூன்றாம் நாள். பறவை பஞ்சுருண்டைபோல உப்பிக் கண்ணை அரைவாசி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் மேலும் கீழும் அசைந்தது. "தீனி கிண்ணம் நிறைய இருக்கு, தொடவே இல்லை" என்று ஆச்சி வருத்தத்தோடு காட்டினார். நான் கிண்ணத்தை எடுத்து லேசாக ஊதினேன். நிறைந்திருந்தது அத்தனையும் உமி. தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அந்தக் கிண்ணத்திலேயே விட்டுவிடுவது கேனரியின் சுபாவம். அடியில் ஒரு மணிகூட மிச்சமில்லை. புதுத் தினை போட்டோம், தூபத்தை அகற்றினோம், காலம் கடந்துவிட்டது. மறுநாள் காலையில் அது கூண்டின் தரையில் கிடந்தது. அந்த வாரத்தில் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து சிராய்ப்போடு தப்பியிருந்தார். "இவுகளுக்கு வர இருந்ததை அது வாங்கிட்டுப் போயிருச்சு" என்று ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டவர்கள் எல்லாரும் ஆமோதித்தார்கள்.

கேனரி ஏன் பாட்டை நிறுத்துகிறது என்பது இன்று ரகசியமன்று. ஆண்தான் நன்றாகப் பாடும். அதுவும் இனப்பெருக்க காலத்தில்தான் முழுமூச்சோடு பாடும். அந்தக் காலம் கழிந்ததும், பெரும்பாலும் நம் ஆடி ஆவணி மாதங்களை ஒட்டி, பழைய இறகைக் களைந்து புதிய இறகைப் போர்த்திக்கொள்ளும் வேலையில் அதன் உடம்பின் சக்தி முழுவதும் செலவாகிறது. அப்போது மௌனமாக இருப்பதே அதற்கு ஆரோக்கியம். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நாட்டபோம் என்ற விஞ்ஞானி, பாட்டை ஆளுகிற மூளைப் பகுதியே பாடும் பருவத்தில் பெருத்து, பருவம் முடிந்ததும் சுருங்குகிறது என்று 1981-இல் எடுத்துக்காட்டினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வளர்ந்த கேனரியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்பதையும் அவரும் அவருடைய மாணவரும் கண்டார்கள். வளர்ந்த மூளையில் புதிய அணு பிறக்காது என்ற பழைய சித்தாந்தத்தையே அசைத்த அந்த அற்புதமான பறவையின் மௌனத்துக்கு, எதிர்வீட்டுக்காரியின் கண்ணைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை என்பது எவ்வளவு துயரமான விஷயம்! ஆடி மாதத்தைப் பற்றி ஏற்கெனவே நமக்குள்ள அச்சமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

மௌனம் எல்லாமே ஆரோக்கியம் என்றும் நான் சொல்லவில்லை. இறகை உப்பிக்கொண்டு பகலிலும் தூங்கினால், உடம்புச் சூட்டைக் காக்க அது போராடுகிறது என்று பொருள். மூச்சுக்கு மூச்சு வால் அசைந்தால் சுவாசத்தில் கஷ்டம். குரல் கம்மி, மூச்சோடு 'டிக் டிக்' என்ற ஓசை கேட்டால் மூச்சுப்பாதையில் உண்ணிகள் இருக்கக்கூடும், அதற்கு மருந்தும் இருக்கிறது. கழுகுக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்ந்த வம்சமாதலால், நோயை முடிந்தவரையில் மறைப்பதே சிறு பறவையின் இயல்பு. நம் கண்ணுக்கு அது தெரிகிற நாளில் நோய் முற்றியிருக்கும். மருத்துவரிடம் ஓட வேண்டிய அந்த ஒரு நாளைத்தான் நாம் தூபம் போட்டுக் கழிக்கிறோம்.

தூபமோ விஷயத்தை இன்னும் விபரீதமாக்குகிறது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப் பைகளின் துணையால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று அங்கே பாய்கிறது. பறப்பதற்காக இயற்கை தந்த இந்தப் பேறே நஞ்சையும் அதே வேகத்தில் 20 கிராம் எடையுள்ள அந்த உடம்பில் சேர்த்துவிடுகிறது. மிளகாய்க் கமறலில் நாம் இரண்டு முறை இருமிவிட்டு வெளியே போய்விடுவோம். கூண்டில் உள்ளது எங்கே போகும்? நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் எழும் புகை நமக்கு மணம்கூடத் தெரியாமல் பறவைகளைச் சில நிமிஷங்களில் கொல்லக்கூடியது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதனுக்கு வரும் ஆபத்தைக் கேனரி முந்திக்கொண்டு அனுபவித்தது சரித்திரத்தில் உண்டு. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் 1890-களில் கூறிய யோசனைப்படி, பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரிகளைக் கொண்டு சென்றார்கள்; கார்பன் மோனாக்சைடு பரவினால் தொழிலாளிக்கு மயக்கம் வருமுன் பறவை தள்ளாடும்; 1986-ஆம் ஆண்டு வரையில் அந்தப் பழக்கம் நீடித்தது. ஆனால் பறவை சரிந்ததைக் கண்ட சுரங்கத் தொழிலாளி, என் கண்டம் கழிந்தது என்று அங்கேயே நின்று நெஞ்சில் கை வைத்துக்கொள்ளவில்லை. காற்று கெட்டுவிட்டது என்று அறிந்து வெளியே ஓடினான். நம் வீட்டிலோ பறவை செத்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாக நிம்மதி பிறக்கிறது! அந்தப் பறவையின் மூச்சை அடைத்த புகை, பக்கத்துத் தூளியில் தூங்குகிற குழந்தையின் மார்புக்குள்ளும்தானே போகிறது?

பறவையைக் கவனித்து அறிவது நம்மவர்க்கு வராத வித்தையுமன்று. காரைக்குடி இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர்ப் பக்கத்தில், வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வலசை வந்து கூடுகட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அது சரணாலயமாயிற்று. ஓசை கேட்டால் பறவை எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டியா தெரிந்துகொண்டார்கள்? கண்ணால் பார்த்தார்கள், பார்த்ததை மதித்தார்கள்.

துக்கத்தில் இருப்பவருக்கு இந்த நம்பிக்கை ஆறுதல் தருகிறதே, அதைப் பறிக்கலாமா என்று நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். அந்தப் பேரனிடம் பறவை நமக்காகத் தியாகம் செய்தது என்று சொன்னபோது அவன் அழுகையை நிறுத்தியதை நானும் பார்த்தேன். பட்டினியால் இளைத்துப் புகையில் மூச்சு முட்டிப் போன ஒரு பிராணிக்கு, அது கேளாத தியாகப் பட்டத்தைச் சூட்டினால் நம் பிழை மறைகிறதே ஒழிய வேறென்ன நடக்கிறது? பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். பையனுக்கு வேறு கேனரி வந்திருந்தது. அதே கூண்டு, அடுப்படிக்கு எதிரே அதே ஆணி. கீழே தூபக்காலும் இருந்தது, இந்தப் பறவைக்குக் கண் படாமல் முன்கூட்டியே.