மைலைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

கத்திரி முடிந்த கையோடு சென்னை விமான நிலையத்தில் ஒரு கூட்டம் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறது. மகனையும் மகளையும் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில் என்பதால் ஊர் சுற்றுவதும் அப்போதுதான். பிள்ளைகள் கலிபோர்னியாவிலோ அரிசோனாவிலோ இருந்தால் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றேதான்: லாஸ் வேகஸ், டெத் வேலி, சயான், கிராண்ட் கேன்யன். எல்லாம் ஒரு நீண்ட வார இறுதிக்குள்.

நான் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வசிக்கிறேன். கோடை வந்தால் நண்பர்கள் இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியா இருக்கா, பாரு" என்பார்கள். டெத் வேலியை அடித்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பேன். உடனே சண்டை வரும். "அவங்க இன்னொரு தடவை வருவாங்களான்னே தெரியல. இதைக்கூடக் காட்டலன்னா எப்படி?"

காட்டலாம், பிப்ரவரியில். ஜூலையில் அங்கே காட்டுவதற்கு வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை அதிகாரபூர்வ உலக உச்சம். அந்தப் பழைய அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்கள் உண்டு. அண்மைக்காலக் கணக்கைச் சந்தேகிக்க வழியில்லை. 2024 ஜூலை 6 அன்று 53 டிகிரி வெயிலில் ஒரு மோட்டார் சைக்கிள் குழு அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தது. ஒருவர் அங்கேயே இறந்தார். உதவிக்கு ஹெலிகாப்டர் வர முடியவில்லை. சுமார் 49 டிகிரிக்கு மேல் காற்று லேசாகிவிடுவதால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பாதுகாப்பாகப் பறக்க முடியாது. அதே மாதம் அங்குள்ள மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்த பெல்ஜியம் நாட்டுப் பயணி ஒருவருக்கு உள்ளங்கால் முழுவதும் கடும் தீக்காயம். அவரை உயரமான, சற்றே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் ஹெலிகாப்டரில் ஏற்ற முடிந்தது.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும். என் நண்பரின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "வேலூர்ல அறுபது வருஷம் இருந்தவன் நான். எனக்கே வெயிலைப் பத்திச் சொல்றியா தம்பி?"

நானும் வேலூர்க்காரன்தான். வேலூர் வெயிலில் சட்டை நனையும், நெற்றி வழியும், நாக்கு வறளும். உடம்பு நம்மை நச்சரித்து நிழலுக்குத் துரத்திவிடும். பாலைவனக் காற்றில் ஈரமே இல்லை. வியர்வை தோலுக்கு வந்த மறுகணமே உலர்ந்துவிடும். "பரவாயில்லையே, வேர்க்கவே இல்லை" என்று பெரியவர்கள் மெச்சிக்கொள்ளும் நேரத்தில் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். வயதானால் தாக உணர்வும் மங்கிவிடுகிறது. தலைசுற்றல் வரும்போதுதான் தெரியும். ஆகவே வேலூர் அனுபவம் இங்கே காப்பாற்றாது, ஏமாற்றும்.

அதற்காகக் கோடையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கச் சொல்லவில்லை. பயணத்தை மைல் கணக்கில் போடாமல் உயரக் கணக்கில் போடுங்கள் என்கிறேன். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை குறையும். ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலைப் பகல் 41, 42 டிகிரி. இரண்டரை மணி நேரம் வடக்கே காரில் ஏறினால் ஃபிளாக்ஸ்டாஃப், 7,000 அடி. அதே நாளில் அங்கே 28 டிகிரி. பைன் மரக் காற்று ஊட்டியை நினைவூட்டும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் ஏறக்குறைய அதே உயரம். பிரைஸ் கேன்யன் 8,000 அடிக்கு மேல். அதன் கடைசிக் காட்சிமுனைவரை கார் போகும். நெவாடாவின் கிரேட் பேசின் பூங்காவுக்கு நம்மவர்கள் போவதே இல்லை. பாலைவனத்தின் நடுவே 13,000 அடிக்கு எழும் சிகரமும், ஆயிரக்கணக்கான ஆண்டு வயதுள்ள பிரிசில்கோன் பைன் மரங்களும் அங்கே இருக்கின்றன. இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் இவ்வளவு உயரம் போகுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏற முடியாவிட்டால் இறங்கலாம். நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைக்குள் வருடம் முழுவதும் 13 டிகிரிதான். சுமார் 750 அடி ஆழத்துக்கு மின்தூக்கி போகிறது. கோடை மாலைகளில் குகைவாயிலிலிருந்து வௌவால்கள் சுழன்று சுழன்று வெளியேறும். அதைப் பார்க்க உட்காரப் படிவரிசையும் உண்டு.

கிராண்ட் கேன்யனில் மட்டும் இறங்க ஆசைப்படாதீர்கள். மலையேறினால் களைப்பு முதலில் வரும், இறக்கம் பின்னால் வரும். இங்கே எல்லாம் தலைகீழ். சிரமமில்லாமல் கீழே போய்விடுவோம். ஏற்றமும் உச்சி வெயிலும் சேர்ந்து திரும்பும்போது காத்திருக்கும். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை உள்ளே நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே கெஞ்சுகிறது. விளிம்பை ஒட்டித் தார்போட்ட சமமான பாதை இருக்கிறது, இலவசப் பேருந்து இருக்கிறது. சூரியன் சாயும்போது அங்கே நின்றால் போதும்.

திட்டம் போடும் பிள்ளைகள் யோசிக்காத ஒன்று கழிப்பறை. நம் அம்மாக்கள் காரில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். "தாகமில்லப்பா" என்பார்கள். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். பாலைவனத்தில் அந்தக் கூச்சம் ஆபத்து. டெத் வேலி நிர்வாகம் ஒருவருக்கு நாளுக்கு ஒரு கேலன், அதாவது சுமார் 4 லிட்டர் தண்ணீர் எடுத்துப்போகச் சொல்கிறது. குடிக்கத் தயங்குபவருக்கு டிக்கி நிறையத் தண்ணீர் இருந்து என்ன பயன்? கழிப்பறை உள்ள நிறுத்தங்களை முதலில் குறியுங்கள், காட்சிமுனைகளை அவற்றுக்கு நடுவே பொருத்துங்கள். யூட்டாவில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை நூறு மைலுக்கு மேல் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க்கே கிடையாது. அந்த வழியில் போகுமுன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாமா?

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும். முறுக்கு, மிக்சர், ஊறுகாயோடு புளியோதரை என்று நம் கட்டுச்சோறு இங்கே மருந்தாகவே உதவும். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுபவை. கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜூலை பாதியில் மழையும் வந்துவிடும். வானம் நீலமாக இருக்கும்போதே எங்கோ பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் வெள்ளமாகப் பாயும். 2015 செப்டம்பரில் சயானின் ஒரு பிளவில் இறங்கிய ஏழு பேரும் திடீர் வெள்ளத்தில்தான் இறந்தார்கள். கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பி மண்பாதையில் திரும்புவதும் வேண்டாம். 1996 ஜூலையில் டெத் வேலியில் வாடகை வேனோடு காணாமல் போன ஜெர்மன் குடும்பம் ஒரு மண்பாதையில்தான் சிக்கியது. வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவது வண்டிதான்.

இப்போது செலவும் கூடிவிட்டது. 2026 முதல் அமெரிக்காவில் குடியிராத பயணிகளுக்கு கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. யாருக்கு எப்படிப் பொருந்தும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கொடுத்தபின் "ஒண்ணு விடாம பார்த்துடணும்" என்ற வெறி இன்னும் கூடும். என் வாதம் நேர் எதிர்: காசு அதிகம் என்றால் இடத்தைக் குறையுங்கள். ஒரு பூங்காவில் இரண்டு இரவு தங்கினால் விடியலும் அந்தியும் கிடைக்கும். நடுப்பகலை அறையில் தூங்கிக் கழிக்கலாம். நான்கு பூங்காக்களை ஓடிப் பார்ப்பவருக்கு நான்கிலும் நடுப்பகல்தான் வாய்க்கும்.

பயணம் யாருக்காகவோ அவர்களையே யாரும் கேட்பதில்லை. ஊரிலிருந்து கிளம்பும் பெற்றோர்களே, நீங்களே கேளுங்கள். அந்த இடம் எத்தனை அடி உயரம்? மத்தியானம் எங்கே இருப்போம்? ஒரு கழிப்பறைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம்? பிள்ளை உடனே பதில் சொன்னால் நிம்மதியாகப் போய்வாருங்கள். விழித்தால், "எனக்கு முடியல, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையின் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொண்டு காரில் ஏறுவது பாசத்தில் சேராது.