அதிவேக எண்ணியும் ஒரு சொல்லின் பிழையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தொழிற்பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. அதில் ஓரிடத்தில் ‘உள்ளீட்டு வடிகட்டி’ என்று எழுதி, விளக்கம் தராது விட்டுவிட்டேன். நூலைப் படித்த ஆசிரியர் ஒருவர், அவ்வடிகட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என வினவி எழுதினார். அவ்வினா நகைப்பிற்குரியதன்று, பிழை என்னுடையதே. அங்கே குறிக்கப்பட்டது ஒரு பொருளன்று, ஒரு கால அளவு.

பி.எல்.சி. எனப்படும் நிரல்வழிக் கட்டுப்படுத்தி, உள்ளீடுகளைப் படித்தல், நிரலை நிறைவேற்றுதல், வெளியீடுகளை மாற்றுதல் ஆகியவற்றை ஒரு சுழற்சியாக ஓயாது செய்கிறது. ஒரு சுழற்சிக்கு 10 மில்லிவிநாடி ஆவதாகக் கொள்வோம். சுற்றுக்கு 1000 துடிப்புகள் தரும் என்கோடர் பூட்டிய தண்டு, நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுற்றுமாயின், விநாடிக்கு 25,000 துடிப்புகள் எழும். ஒரு சுழற்சி முடிவதற்குள் 250 துடிப்புகள் கடந்துவிடும். சாதாரண எண்ணியால் இவற்றை எண்ண இயலாது. ஆகவேதான், சுழற்சிக்குக் காத்திராமல் எண்ணும் தனி மின்சுற்று வைக்கப்பட்டிருக்கிறது. அதுவே அதிவேக எண்ணி.

எனினும், அதை இயக்கிவிட்டால் மட்டும் போதாது. மின்னிரைச்சலைத் துடிப்பென மயங்காதிருக்க, குறிப்பிட்ட நேரம் நிலைக்காத குறியை உள்ளீடு ஏற்பதில்லை. அந்நேரமே வடிகட்டல் நேரம். சீமென்ஸ் எஸ்7-1200 கருவியில் இது தொடக்கத்தில் 6.4 மில்லிவிநாடியாக அமைந்துள்ளது. அந்நிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 78 துடிப்புகளுக்கு மேல் உள்ளே புகா. நம் தண்டின் துடிப்போ 20 மைக்ரோவிநாடியே நிலைக்கிறது. ஆதலின் 10 மைக்ரோவிநாடி என அமைத்தல் வேண்டும். மேலும் குறைத்தால் இரைச்சலும் எண்ணப்படும். உறையிட்ட கம்பியும் முறையான நிலத்தொடர்பும் அப்போது இன்னும் இன்றியமையாதனவாகும்.

எண்ணும் முறையும் கவனத்திற்குரியது. இரு தடங்கள் கொண்ட என்கோடரை நான்மடங்கு முறையில் அமைத்தால், ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை கிடைக்கும். தண்டிலுள்ள உருளையின் சுற்றளவு 200 மில்லிமீட்டர் எனில், ஒருமடங்கு முறையில் 5000 எண்ணிக்கை ஒரு மீட்டராகும். நான்மடங்கு முறையில் அதுவே 250 மில்லிமீட்டர்தான். இதை மறந்தவர் வெட்டும் தகடுகள் யாவும் கால் மீட்டராகவே விழும்.

எண்ணிக்கை சரியாயிருந்தும் வெட்டு பிழைப்பதுண்டு. நம் உருளையில் தகடு விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. ஒப்பிடும் கட்டளையைப் பொதுநிரலில் வைத்தால் 10 மில்லிவிநாடி வரை தாமதமாகலாம். அதற்குள் தகடு 50 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். குறித்த எண்ணிக்கையை எட்டியவுடன் நிரலை இடைமறிக்கும் ஏற்பாடு இதற்காகவே உள்ளது.

திரையில் எதன்பின் எதை அழுத்துவது என்று மனப்பாடம் செய்விப்பது பயிற்சியாகாது என்பது என் கருத்து. கருவி மாறினால் திரை மாறும், கணக்கு மாறாது. மாணவன் முதலில் தாளில் மூன்றை எழுதட்டும்: விநாடிக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நிலைக்கிறது, ஒரு சுழற்சிக்குள் பொருள் எவ்வளவு நகர்கிறது. அதன் பின்னரே அவன் திரையைத் தொடவேண்டும். களப்பணியாளரும் எண்ணி அசையாது நின்றால், என்கோடரைக் கழற்றுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக. நல்ல கருவி பழுதெனத் தள்ளப்படுவது பலவிடங்களில் இதனால் தவிரும்.

என் பங்கிற்கு, அச்சொல்லை ‘உள்ளீட்டு வடிகட்டல் நேரம்’ எனத் திருத்திக்கொண்டேன். சொல்லில் ‘நேரம்’ இருந்தால், எவ்வளவு என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் தானே எழும்.