யாங்கூன் உங்கள் தாத்தா சொத்து அல்ல

முதல் தடவை யாங்கூனுக்குப் போக நம் வயதுப் பிள்ளைகள் போடும் திட்டங்களைச் சில மாதங்களாகப் பார்த்துவருகிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. முதல் நாள் காலை ஷ்வேடகோன் பகோடா. மதியம் ஸ்ட்ராண்ட் ஹோட்டலில் தேநீர். மாலையில் பழைய தலைமைச் செயலகத்தின் செங்கல் சுவர் முன்னால் ஒரு படம். இரண்டாம் நாள் அனவ்ரதா சாலையில் காளியம்மன் கோயில். கோபுரத்தடியில் நின்று "இது எங்கள் தாத்தா கட்டிய நகரம்" என்று ஒரு ரீல். மூன்றாம் நாள் பகானுக்கு விமானம்.

இந்தத் திட்டத்தில் ஓட்டல் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, தாத்தாகூட இருக்கிறார். யாங்கூனில் இன்றைக்கு வாழும் ஒரு மனிதர் மட்டும் இல்லை.

என் கட்சி இதுதான்: அங்கே வாழும் ஒருவர் உங்களை "வா" என்று கூப்பிடாதவரை டிக்கெட் போடாதீர்கள். அழையாத வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தார்கள்? ஊருக்கும் அதே நியாயம்தான். இந்த ஊருக்கு, இந்தக் காலத்தில், இன்னும் கூடுதலாக.

முதலில் அந்தத் தாத்தா கதையை எடுத்துக்கொள்வோம்.

1755இல் டகோன் என்ற ஊரைக் கைப்பற்றி அதற்கு யாங்கூன் என்று பெயரிட்டவர் அலாங்பயா மன்னர். 1852இல் ஆங்கிலேயர் பிடித்தபின், சூலே பகோடாவை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகத் தெருக்களை வரைந்தவர்கள் மாண்ட்கோமரி, ஃப்ரேசர் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள். காளியம்மன் கோயில் இருக்கும் அனவ்ரதா சாலையின் பழைய பெயரே ஃப்ரேசர் தெருதான். அந்தக் கோயிலைத் தமிழர்கள் 1871இல் கட்டினார்கள், உண்மை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் சுமார் 4 லட்சம் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாதியில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் ரிக்‌ஷா இழுத்தவர்களிலும் பெரும்பகுதி தெலுங்கர்கள். ஒடியர்கள், வங்காளிகள், குஜராத்திகள், சிட்டகாங்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். கப்பலின் மேல்தட்டில் நெருக்கியடித்து வந்து, மேஸ்திரியிடம் பட்ட கடனுக்கே உழைத்துத் தீர்ந்தவர்கள் அவர்கள். "எங்கள் தாத்தா கட்டினார்" என்ற ஒரே வரியில் இத்தனை பேரையும் அழித்துவிடுகிறோம்.

தாத்தா கட்டியதை மட்டும் சொல்லி, தாத்தா வாங்கியதைச் சொல்லாமல் விடுவது இன்னும் மோசம். கீழ்பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் செட்டியார்கள். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதம் ஆனது. செட்டியார்களுக்கு வேண்டியது பணம்தான், நிலம் அல்ல, அதுவும் உண்மை. ஆனால் வயலை இழந்த பர்மிய உழவருக்கு அந்த வித்தியாசம் சோறு போடாது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பார்த்து "என்ன அழகு!" என்கிறோமே, அந்தத் தூணுக்கு இன்னொரு கரையும் உண்டு.

1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பழையவர்களையே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஏழைகள் இரண்டு தரப்பாக மோதிக்கொண்டதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். லாபம் கண்டவர்கள் அந்தத் தெருவில் இல்லவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்தத் துறைமுகக் கரையில் நின்றுபாருங்கள். கையில் இருக்கும் கேமரா தானாகக் கீழே இறங்கும்.

அடுத்தது "எங்களை விரட்டினார்கள்" என்ற கதை. இதில் பொய் இல்லை. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் குண்டு போட்டது. 1942இல் லட்சக்கணக்கானவர்கள் காட்டுவழியாக அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். போர் முடிந்து திரும்பிப் போனவர்களையும் 1962 மார்ச் 2ஆம் தேதி ஆட்சியைப் பிடித்த நே வின் விடவில்லை. வங்கி, கடை எல்லாம் அரசுடைமை ஆனது. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நகையும் பணமும் போக, ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் அப்படித்தான் வந்தது. கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கத்தில் நாம் வரிசையில் நின்று வாங்கும் அத்தோவும் அப்படித்தான் வந்தது. தமிழ்நாட்டில் ஒட்டாமல் திரும்பி நடந்த சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

ஆனால் "எல்லாரையும் விரட்டினார்கள்" என்று சொல்லும்போது, போகாமல் அங்கேயே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? நம் கதையில் அவர்கள் ஒரு பின்னணிகூட இல்லை. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றைக்கு யாங்கூனில் கடை வைத்திருக்கிறார்கள், டாக்ஸி ஓட்டுகிறார்கள், தோசை சுடுகிறார்கள். பர்மியர்களும் அதைத் 'தோஷே' என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கோயிலுக்கு மட்டும் போய்விட்டுத் தமிழர் வரலாறு முடிந்தது என்று நினைக்காதீர்கள். போ சுன் பட் தெருவில் சூலியா ஜாமி மசூதி இருக்கிறது; தமிழ் முஸ்லிம்களின் பெயர் அதன் நெற்றியிலேயே இருக்கிறது. நீங்கள் படம் எடுக்க நிற்கும் அந்தத் தலைமைச் செயலகத்தில்தான் 1947 ஜூலை 19ஆம் தேதி ஆங் சானைச் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு கொல்லப்பட்டவர்களில் கல்வி அமைச்சர் அப்துல் ரசாக்கும் ஒருவர். இந்திய முஸ்லிம் அப்பாவுக்கும் பர்மிய பௌத்த அம்மாவுக்கும் பிறந்தவர். அந்த நாட்டுக்காக உயிரைக் கொடுத்த அவர், அங்கே சொத்துக் கேட்டுப் போனவரும் இல்லை, விரட்டப்பட்டுக் கப்பல் ஏறியவரும் இல்லை. நம் இரண்டு கதைகளிலும் அவருக்கு இடமில்லை என்றால், குறை நம் கதையில்தான்.

அங்கே இருக்கும் நம் வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. பலருக்குப் பள்ளியில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபின், தமிழ் பெரும்பாலும் கோயில் வகுப்புக்கும் வீட்டுக்கும் சுருங்கியது. எனவே அவர்கள் தமிழில் பர்மிய வாடை அடிக்கலாம். சில பேருக்குத் தமிழ் வராமலும் இருக்கலாம். சென்னையிலிருந்து வந்த மாமா நம் தமிழைக் கேட்டுச் சிரித்தபோது எப்படி எரிந்தது? அதே சிரிப்பை யாங்கூனுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 'மிங்கலாபா' என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள். 1982 குடியுரிமைச் சட்டம் குடிமக்களையே முழு, இணை, இயல்புரிமை என்று மூன்று படிகளாகப் பிரித்த நாடு அது. 'கலா' என்ற வசவைத் தெருவில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் "நீ சுத்தத் தமிழனா?" என்று கேட்பதைப் போல ஒரு கொடுமை உண்டா?

இப்போது இன்றைய நிலைமைக்கு வருவோம். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே மாதம், வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியைப் பற்றி வார்டு அலுவலகத்தில் பதியவேண்டும் என்ற பழைய விதியை மறுபடி கொண்டுவந்தது. நீங்கள் சாதாரணமாக "ஓட்டல் எதுக்கு, சித்தி வீட்டிலேயே தங்கிக்கிறேன்" என்கிறீர்கள். உங்களுக்கு அது பாசம். சித்திக்கு அது இரவு கதவைத் தட்டப்போகும் வார்டு அதிகாரி. அவர் வாயால் "வேண்டாம்" என்று சொல்லமாட்டார், தமிழ் வீட்டில் யார் சொல்வார்கள்? நீங்களாகத்தான் உரிமம் உள்ள விடுதியில் அறை எடுக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. பெண்களுக்கு 18 முதல் 27. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அதே வயது. உங்கள் பையில் திரும்பும் டிக்கெட் இருக்கும், எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கும் பையனுக்கு அது இல்லை. சாலைச் சோதனையில் கைபேசியைத் திறந்து பார்ப்பது அங்கே நடக்கிற விஷயம். நீங்கள் விளையாட்டாக அனுப்பும் ஒரு அரசியல் மீம், நீங்கள் டேக் செய்து போடும் ஒரு படம், நீங்கள் விமானம் ஏறியபின்னும் அவன் பேரில் இருக்கும். பயணம் உங்களுடையது, ஆபத்து அவனுடையது என்றால் அதற்கு 'வேரைத் தேடி' என்று பெயர் வைக்காதீர்கள்.

"நாங்கள் போனால் சாதாரண மக்களுக்குப் பணம் போகுமே" என்பார்கள். போகும்தான். டீக்கடைக்கும் டாக்ஸிக்கும் போகும். விசாக் கட்டணம் அரசுக்கும் போகும். இந்த வழக்கு புதிதல்ல. 1996ஐ மியான்மார் வருகை ஆண்டு என்று அன்றைய ராணுவ அரசு அறிவித்தபோது, ஆங் சான் சூச்சி "இப்போது வராதீர்கள்" என்றார். "வந்தால்தானே உலகம் எங்களைப் பார்க்கும்" என்று மறுத்தவர்களும் அதே நாட்டில் இருந்தார்கள். சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் உட்கார்ந்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன தகுதி? அதனால்தான் முடிவை அங்கே இருப்பவரிடம் விடச் சொல்கிறேன். அவர் "வா" என்றால் போங்கள். "இப்போது வேண்டாம்" என்றால் காத்திருங்கள். பதிலே சொல்லாமல் பேச்சை மாற்றினால், அதுவும் "வேண்டாம்"தான்.

"எனக்கு அங்கே யாரையும் தெரியாதே" என்பது அடுத்த பதில். அப்படியானால் திட்டமிட வேண்டியது அதைத்தான். விமானக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டியிடம் உட்காருங்கள். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, பக்கத்து வீட்டில் யார், கடைசிக் கடிதம் எந்த வருஷம் வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்கள் இன்றைய வரைபடத்தில் கிடைக்காது. முகல் தெரு இப்போது ஷ்வே போன் தா தெரு. டல்ஹௌசி தெரு இப்போது மஹா பந்துலா சாலை. பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உங்கள் வரைபடத்தை நீங்களே போடுங்கள். சென்னை வியாசர்பாடியிலும் மோரேயிலும் ரங்கூனிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலருக்கு அங்கே இன்னமும் உறவு இருக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று போய்ச் சேர ஆறு மாதம் ஆகலாம். ஆகட்டும். அந்த ஆறு மாதமும் பயணத்தில் சேர்த்திதான்.

நமக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. தமிழில் பயண எழுத்துக்குப் பேர்போன ஏ.கே. செட்டியார் 1930களில் ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக வேலை பார்த்தவர். உலகம் சுற்றிய அந்த மனிதருக்கு ரங்கூன் வேலை செய்து வாழ்ந்த ஊர். நாம் மூன்று நாளில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம், போதாததற்குச் சொந்தமும் கொண்டாடுகிறோம்.

கூப்பிட்டுப் போகிறீர்கள் என்றால், இவ்வளவு செய்யுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், வெயிலும் மழையும் தொல்லை தராது. பகானை விட்டுவிட்டு முழு நாட்களையும் யாங்கூனுக்கே கொடுங்கள். ஷ்வேடகோனில் செருப்பு, காலுறை இரண்டையும் வாசலிலேயே கழற்றுங்கள். ஆங்கிலேயர்கள் சப்பாத்தோடு ஏறியதை எதிர்த்து 1910களில் போராடிய மக்கள் அவர்கள். புத்தர் உருவத்தை வைத்து வேடிக்கைப் படம் எடுக்காதீர்கள். 2015இல் காது ஒலிப்பான் மாட்டிய புத்தர் படத்தை விளம்பரத்தில் போட்டதற்காக ஒரு நியூசிலாந்துக்காரரே சிறைக்குப் போனார். யார் முகத்தையும் கேட்காமல் போடாதீர்கள். கேட்டுச் சரி என்றாலும் ஊர் திரும்பியபின் மறுபடி ஒரு முறை கேளுங்கள். வீட்டுக்குப் போகும்போது என்ன வேண்டும் என்று முன்பே விசாரியுங்கள். மருந்தாக இருக்கலாம், ஒரு தமிழ்ப் பாடப்புத்தகமாக இருக்கலாம்.

தாத்தாவின் வீட்டைக் கண்டுபிடித்தால் கதவைத் தட்டாதீர்கள். அறுபது வருஷமாக அது இன்னொரு குடும்பத்தின் வீடு. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். பாட்டிக்கு ஒரு போன் போட்டு, மாடியில் இப்போது யார் துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பிறகு உங்களைக் கூப்பிட்டவர் காத்திருக்கும் டீக்கடைக்குப் போங்கள்.